உயிரிழப்பில்லாக் குற்றங்களில் செயலும் மனமும்: ஆங்கிலச் சட்டத்தில் ஒரு பொருந்தாமை

முன்னுரை

ஒருவர் பிறருக்கு உடலூறு விளைவித்து, ஊறுபட்டவர் உயிர் பிழைத்திருக்கும் நிலையில் எழும் குற்றங்களை ஆங்கிலச் சட்டம் உயிரிழப்பில்லாக் குற்றங்கள் என ஒரு வகையாகக் கொள்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை 1861ஆம் ஆண்டின் ஆள்மீதான குற்றங்கள் சட்டத்தில் அடங்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. குற்றப் பொறுப்புக்குச் செயல், மனம் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது குற்றவியலின் அடிப்படைப் பாடம். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நிகராக இருக்கவேண்டுமா என்ற வினாவுக்கு இச்சட்டத்தின் 20, 47ஆம் பிரிவுகள் 'வேண்டா' என்றே விடை தருகின்றன. அவ்விடையின் இயல்பையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குற்றச் செயல்

இலத்தீனில் 'ஆக்டஸ் ரியஸ்' எனப்படும் குற்றச் செயல் என்பது உடலசைவு மட்டுமன்று. செயல், சூழல், விளைவு ஆகியவற்றின் தொகுதியாகும். வாளாவிருத்தல் பொதுவாகக் குற்றச் செயலாகாது. 1969இல் வெளியான ஃபேகன் வழக்குத் தீர்ப்பு இவ்வெல்லையைச் சோதித்தது. காவலரின் காலின்மேல் காரின் சக்கரத்தை ஏற்றி நிறுத்திய ஒருவர், ஏறியது அறியாமல் நேர்ந்தது என்றும், பின்னர் வண்டியை நகர்த்தாமல் இருந்தது செயலே அன்று என்றும் வாதிட்டார். சக்கரம் காலின்மேல் இருந்த நேரம் முழுவதும் நீடித்த ஒரே செயல் அது எனவும், அச்செயல் முடியுமுன் குற்ற மனம் வந்து சேர்ந்தது எனவும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். செயலும் மனமும் ஒரே காலத்தில் சந்திக்கவேண்டும் என்ற விதியைக் கைவிடாமலேயே செயலின் கால அளவை நீட்டிய தீர்ப்பு இது.

இக்குற்றங்களுள் மிக எளியன இரண்டு. சட்டமுரணான வன்செயல் உடனே தன்மேல் நிகழும் என மற்றவரை எண்ணவைப்பது முதலாவது. ஆங்கிலத்தில் 'அசால்ட்' எனப்படுவது. அத்தகைய வன்செயலை உடலின்மேல் நிகழ்த்துவது இரண்டாவது, 'பேட்டரி' எனப்படுவது. முன்னதைத் தமிழில் 'தாக்குதல்' என்றே எழுதிவிடுவது பொருந்தாது. அதற்குத் தொடுகையே தேவையில்லை. 1997இல் பிரபுக்கள் அவை தீர்த்த அயர்லாந்து வழக்கில், பெண்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசாமல் மௌனம் காத்ததுகூட இக்குற்றமாகலாம் எனக் கொள்ளப்பட்டது. எனவே இக்கட்டுரை முன்னதைத் 'தாக்க முனைதல்' என்றும், பின்னதைத் 'தொட்டுத் தாக்குதல்' என்றும் வழங்குகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை.

இவற்றின் மேல்நிலையில் மூன்று பிரிவுகள் உள்ளன. 47ஆம் பிரிவு, மேற்கண்ட இரண்டில் ஒன்றால் மெய்யான உடலூறு விளைவதைக் கூறுகிறது. 20ஆம் பிரிவு, காயத்தையோ கடும் உடலூற்றையோ உள்நோக்கின்றி விளைவிப்பதைப் பற்றியது. 18ஆம் பிரிவு, கடும் உடலூறு விளைவிக்கும் நோக்குடனோ கைதைத் தடுக்கும் நோக்குடனோ அவற்றைச் செய்வதைப் பற்றியது. 'காயம்' என்ற சொல்லும் இங்குத் தனிப்பொருள் உடையது. தோலின் அடுக்குகள் முழுதும் அறுபட்டாலன்றிக் காயமாகாது. காற்றுத் துப்பாக்கிக் குண்டு பட்டுக் கண்ணுக்குள் குருதிக்குழாய் வெடித்தது காயமன்று என 1984ஆம் ஆண்டின் ஐசன்ஹோவர் வழக்கு கூறியது. ஆனால் விரல்நுனியில் ஏற்படும் ஆழமற்ற வெட்டு, சட்டத்தின் எழுத்துப்படி, காயமே.

குற்ற மனம்

'மென்ஸ் ரியா' எனப்படும் குற்ற மனத்துக்கு இப்பரப்பில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்று உள்நோக்கு. மற்றது 'ரெக்லெஸ்னஸ்'. பின்னதைக் 'கவனக்குறைவு' என்றோ 'அலட்சியம்' என்றோ பெயர்ப்பது பொருட்பிழையாகும். கவனமற்றவர் இடரைக் காணாதவர்; இங்குச் சுட்டப்படுபவரோ இடரைக் கண்டும் துணிபவர். எனவே 'இடரறிந்து துணிதல்' என்னும் தொடரை ஆளலாம்.

இப்பொருளை நிலைநிறுத்தியது 1957ஆம் ஆண்டின் கன்னிங்ஹாம் வழக்கு. பணத்தைத் திருடுவதற்காக நிலவறையிலிருந்த எரிவாயு அளவியைப் பிடுங்கியவரின் செயலால் வாயு கசிந்து, பக்கத்து வீட்டில் உறங்கிய பெண்ணைப் பாதித்தது. சட்டத்தில் வரும் 'மலீஷியஸ்லி' என்ற சொல்லுக்குக் கொடுமனம் என நடுவர்குழுவுக்கு விளக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வகைத் தீங்கை விளைவிக்கும் நோக்கமோ, அது விளையக்கூடும் என முன்னுணர்ந்தும் தொடர்ந்த துணிவோ தேவை என்றது. திருடன் தீயவன் என்பதனாலேயே அவன் எண்ணிப்பாராத விளைவுக்கும் பொறுப்பாளி ஆகான் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

பொருந்தாமை

இவ்வளவு நுட்பமாக மனத்தை ஆராய்ந்த சட்டம், எதை முன்னுணரவேண்டும் என்ற இடத்தில் தளர்கிறது. 1968இல் வெளியான மோவாட் தீர்ப்பின்படி, 20ஆம் பிரிவுக்குக் கடும் ஊற்றை முன்னுணரவேண்டியதில்லை. ஏதேனும் ஓர் உடலூறு, அது சிறிதாயினும், நேரக்கூடும் என உணர்ந்திருந்தால் போதும். 47ஆம் பிரிவு இன்னும் ஒருபடி கீழிறங்குகிறது.

1991இல் பிரபுக்கள் அவை இணைத்து விசாரித்த சாவேஜ், பார்மெண்டர் வழக்குகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மது விடுதியொன்றில் தன் கணவரின் முன்னாள் தோழிமேல் பீரை ஊற்ற எண்ணிய பெண்ணின் கையிலிருந்து கோப்பையும் நழுவி உடைந்து, எதிரிலிருந்தவரின் மணிக்கட்டை வெட்டியது. பீரை ஊற்றுவதே தொட்டுத் தாக்குதல். அதற்குரிய மனம் அவருக்கு இருந்தது. வெட்டு நேரும் என அவர் எண்ணினாரா என்பது 47ஆம் பிரிவுக்கு வேண்டாத வினா எனத் தீர்க்கப்பட்டது. மற்ற வழக்கில், தன் கைக்குழந்தையை முரட்டுத்தனமாகக் கையாண்ட தந்தை, தீங்கு நேரும் என 'உணர்ந்திருக்கவேண்டும்' என்பது போதாது, 'உணர்ந்தார்' என்பதே 20ஆம் பிரிவுக்குத் தேவை எனக் கொள்ளப்பட்டது. எனினும் அவருக்கு 47ஆம் பிரிவின் கீழான தீர்ப்பு இடப்பட்டது.

ஆக, ஈரமாக்க எண்ணியவர் உடலூறு விளைவித்தவராகத் தண்டிக்கப்படுகிறார். இதற்கு ஆதரவான வாதம் இல்லாமலில்லை. பிறர் உடலை வலிந்து தீண்டத் துணிபவர், அத்துணிவின் பின்விளைவையும் ஏற்கவேண்டும் என்பர். அவ்வாதத்தை ஏற்பினும், தண்டனை அளவை விளக்க இயலாது. சிறு ஊறும் போதுமான 47ஆம் பிரிவுக்கும், கடும் ஊறு வேண்டிய 20ஆம் பிரிவுக்கும் ஒரே உச்சம், ஐந்தாண்டுச் சிறை. 18ஆம் பிரிவுக்கு ஆயுள். படிநிலை என நூல்கள் வரைந்துகாட்டும் ஏணியில் நடுவிலுள்ள இரு படிகளும் ஒரே உயரத்தில் உள்ளன. இச்சட்டம் முந்தைய பல சட்டங்களை ஒருங்கு சேர்த்த தொகுப்பே. ஒரு கொள்கையின்படி புதிதாக இயற்றப்பட்டதன்று.

சீர்திருத்தமும் இந்தியச் சட்டமும்

சட்ட ஆணையம் 1993இலும் 2015இலும் மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 2015ஆம் ஆண்டின் அறிக்கை, கடும் ஊற்றை நோக்குடன் விளைவித்தல், கடும் ஊறு நேரும் என இடரறிந்து துணிந்து விளைவித்தல், பிற ஊற்றை விளைவித்தல் என விளைவுக்கும் மனத்துக்கும் நிகர்மை காணும் குற்றங்களை முன்வைத்தது. இடைக்குற்றத்துக்கு ஏழாண்டு உச்சம் என வேறுபாடும் வைத்தது. நாடாளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கவில்லை.

இந்நிகர்மை அன்றைய சட்ட வரைவாளர்களுக்கு எட்டாத கருத்தன்று. மெக்காலேயின் வரைவிலிருந்து உருவான இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இலேயே, அதாவது ஆங்கிலச் சட்டத்துக்கு ஓராண்டு முன்பே, கொடுங்காயத்தை எட்டு வகையாகத் தன் 320ஆம் பிரிவில் வரையறுத்தது. 322ஆம் பிரிவின் விளக்கம் இன்னும் குறிப்பிடத்தக்கது: கொடுங்காயம் உண்மையில் விளைந்திருக்கவேண்டும், அத்துடன் கொடுங்காயத்தையே விளைவிக்க எண்ணியோ, அது விளையக்கூடும் என அறிந்தோ இருக்கவேண்டும். சிறு காயத்தை மட்டுமே எண்ணியவர் இதன்கீழ் வாரார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 117ஆம் பிரிவும் இந்நிலையையே தொடர்கிறது. ஆங்கிலப் பாடநூல்களின் வழியே மோவாட் விதியைக் கற்கும் நம் மாணவர், அதை இந்தியப் பிரிவின்மேல் ஏற்றிப் படிக்க இடமில்லை; 20ஆம் பிரிவின் கடும் உடலூறும் நம் கொடுங்காயமும் பெயரளவில் நெருங்கியவை, அவை கேட்கும் மனநிலையோ வேறு.