ஒரு கேள்வி அதிகம்

ஐந்தாம் படிவம் வரை எங்கள் பள்ளியில் சொற்போர் என்றால் என் பெயர்தான் முதலில் இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மாமா, அத்தை எல்லாரும் “இவ வாய்க்கு லோயராத்தான் போகணும்” என்பார்கள். நானும் அதை நம்பினேன். சட்டம் படிக்கப் போனதற்குப் பாதிக் காரணம் அந்த வாய்தான்.

மூன்றாம் ஆண்டில் நீதிமன்ற வாதத் திறன் பயிற்சி வந்தது. கற்பனை வழக்கு ஒன்று கொடுத்தார்கள். இரவு எட்டு மணி, சாலையோர நாசி லெமாக் கடை, மோட்டார் சைக்கிளை மோதிவிட்டுப் போய்விட்ட கார். கார் ஓட்டுநருக்கு நான் வழக்கறிஞர். கடைக்காரர்தான் சாட்சி, நடித்தவர் என் வகுப்புத் தோழர்.

குறுக்கு விசாரணை நன்றாகவே போனது. கடையில் கூட்டம், கையில் வேலை, மழைத் தூறல், தெருவிளக்கு எரியவில்லை. எல்லாவற்றையும் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சொற்போர் புத்தி விடவில்லை. “அப்படியென்றால் அந்த இருட்டில் கார் எண்ணை எப்படித்தான் பார்த்தீர்கள்?” என்று குரலை உயர்த்திக் கேட்டேன்.

“கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுச்சுங்க. பிரேக் போட்டதும் பின்னால பூரா வெளிச்சம். நம்பர் தெளிவாத் தெரிஞ்சது” என்றார் அவர். சாட்சியாக நடிப்பவருக்கு மட்டும் கொடுத்த தாளில் அது இருந்திருக்கிறது. அரசு தரப்பு அதைக் கேட்க மறந்திருந்தது. நான் கேட்டுக் கொடுத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது.

பயிற்சி தந்தவர் இருபது ஆண்டுக்கும் மேலாக நீதிமன்றம் ஏறி இறங்கிய மூத்த வழக்கறிஞர். அவர் சிரிக்கவில்லை. “ஒரு கேள்வி அதிகம்” என்றார். பிறகு தன் குறிப்புத் தாளிலிருந்து என் கேள்வியை ஒரு சொல்கூட மாறாமல் திருப்பிப் படித்துக் காட்டினார். அது ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்று இரண்டே வரியில் சொன்னார். என் இடத்தில் தானே நின்று, அதே சாட்சியை மூன்று நிமிடம் விசாரித்துக் காட்டினார். கடைசியில் “இப்போது நீ செய்” என்றார்.

இதற்கு ஹாம்பல் முறை என்று பெயர். ஆஸ்திரேலியாவில் நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பலின் பெயரால் வழங்குவது. தவறுக்கு ஒரு தலைப்பு, பேசியதை அப்படியே திருப்பிச் சொல்வது, காரணம், தீர்வு, செய்து காட்டுவது, மாணவர் மீண்டும் செய்வது என ஆறு படிகள். பல நாடுகளில் வழக்கறிஞர் பயிற்சிகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒரு சுற்றில் ஒரு தவறைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். அன்று என்னிடம் குறைந்தது ஐந்து தவறுகள் இருந்தன. கையை ஆட்டினேன், பதிலுக்கு முன்பே அடுத்த கேள்விக்குத் தாவினேன், சாட்சியைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். அவற்றை அவர் தொடவே இல்லை. ஐந்தையும் சொல்லியிருந்தால் ஒன்றையும் திருத்தியிருக்க மாட்டேன்.

நம்மில் பலர் குறுக்கு விசாரணை என்றால் சாட்சியை மிரட்டுவது என்று நினைக்கிறோம். சினிமா செய்த வேலை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 137-ஆவது பிரிவு மூன்று கட்டங்களைச் சொல்கிறது. சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. அதன் பிறகு அழைத்தவரே மறுபடி கேட்பது மறு விசாரணை. பதிலை உள்ளேயே வைத்திருக்கும் கேள்வியை ‘லீடிங்’ கேள்வி என்பார்கள். முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதியின்றி அதைக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் தாராளமாகக் கேட்கலாம்.

அதாவது, உங்கள் சாட்சியிடம் “அப்போது மழை பெய்ததா?” என்றுகூடக் கேட்க யோசிக்க வேண்டும். “அப்போது வானிலை எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். கதையை அவர் சொல்லட்டும். எதிர்த்தரப்பு சாட்சியிடம் தலைகீழ்: “மழை தூறியது, சரியா?” ஒரு கேள்வியில் ஒரே ஒரு செய்தி. ‘ஏன்’, ‘எப்படி’ இரண்டையும் பூட்டி வைத்துவிட வேண்டும். நான் திறந்துவிட்டது அந்தப் பூட்டைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் எதிர்த்தரப்பு சாட்சியிடம் பேசுவதுதான் கடினம் என்று தோன்றும். எனக்கோ என் சொந்த சாட்சியைப் பேசவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு நீதிமன்றங்களின் மொழி மலாய். உயர் நீதிமன்றங்களில் ஆங்கிலமும் அனுமதி பெற்று ஒலிக்கும். சாட்சி தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிற்பார். “நீங்கள் அந்தக் காரைப் பார்க்கவில்லை, அப்படித்தானே?” என்று கேட்டால் நம்மவர் “ஆமாம்” என்பார், பார்க்கவில்லை என்று அர்த்தம். அது ஆங்கிலத்தில் வெறும் ‘யெஸ்’ என்று பதிவானால், பார்த்தார் என்றும் படிக்கலாம், பார்க்கவில்லை என்றும் படிக்கலாம். அதனால் எதிர்மறைக் கேள்வியே வேண்டாம் என்று எங்களைப் பழக்கினார்கள். வீட்டில் தம்பியிடம் “சாப்பிடலையா?” என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை விதமாகப் பதில் வருகிறது!

பல்கலைக்கழகங்களில் ‘மூட்’ போட்டிகளுக்குத்தான் மவுசு அதிகம். அனைத்துலகச் சட்டத்துக்கான ஜெசப் போட்டி 1960-இல் தொடங்கியது. நானும் ஆண்டுதோறும் உள்போட்டிகளில் கலந்துகொண்டேன். ஆய்வு செய்யவும் நீதிபதி குறுக்கிடும்போது தடுமாறாமல் இருக்கவும் அதுபோல் பயிற்சி கிடையாது. ஆனால் ‘மூட்’ என்பது மேல்முறையீடு போன்றது. சட்டத்தைப் பற்றி மட்டுமே வாதம். சாட்சி என்று ஒருவர் கூண்டில் ஏறுவதில்லை. கோப்பை வென்ற கையோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நின்றால் அந்தக் கோப்பை அதிகம் உதவாது என்பது என் கருத்து. சி.எல்.பி. தேர்வும் எழுத்துத் தேர்வுதான். ஆகவே சாட்சி விசாரணைப் பயிற்சி எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். எதுவும் இல்லையென்றால் விடுமுறையில் ஒரு காலை நேரம் பக்கத்து நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. ஒழுங்கான உடை, அணைத்து வைத்த கைப்பேசி. அவ்வளவு போதும்.

பட்டம் முடித்து ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தில் இருந்தபோது சட்ட உதவிக்காக ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நின்றேன். முதல் மூன்று மாதம் முடித்து, ‘ஷார்ட் கால்’ எனும் அனுமதி வாங்கியிருந்த நேரம். கைவிலங்கோடு வந்தவர்களில் பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன். சாப்பாட்டுக் கடை மேசையில் இருந்த கைப்பேசியை எடுத்தது வழக்கு. குற்றவியல் சட்டம் 379-ஆவது பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

“அக்கா, உள்ள போட்டுருவாங்களா?” என்றான்.

“ஏன் எடுத்தே?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். மறுபடியும் அதே ‘ஏன்’. சுதாரித்துக்கொண்டு, உண்மையிலேயே அவன்தான் எடுத்தானா, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்பதை முதலில் கேட்டேன். தெரியும் என்றான். பிறகு சின்னச் சின்னதாக: எங்கே வேலை? எத்தனை மாதமாக? வீட்டில் யார்? டயர் கடை. எட்டு மாதம். அம்மாவும் தங்கையும். வெளியே வந்து அவன் அம்மாவைத் தேடினேன். டயர் கடை முதலாளி வருவாரா என்று கேட்டதும் அவர் கைப்பேசியை எடுத்தார். பத்து மணிக்கு அந்தச் சீன முதலாளி எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

இளமை, வறுமை, சமுதாயம் என்று முதல் நாள் இரவே ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். அதை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். எழுந்து ஆறு செய்திகளை மட்டும் சொன்னேன்: வயது பத்தொன்பது, முன்பு குற்றப் பதிவு இல்லை, கைப்பேசி உரியவரிடம் போய்விட்டது, நான்கு இரவு லாக்கப்பில் இருந்துவிட்டான், வேலை இன்னும் இருக்கிறது, முதலாளி இங்கே வந்திருக்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 294-ஆவது பிரிவின் கீழ் நன்னடத்தைப் பிணை கேட்டேன். அரசு தரப்பு வழக்கறிஞர் பொதுநலனைச் சுட்டிக்காட்டி, தக்க தண்டனை வேண்டும் என்றார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, “முதலாளி எங்கே?” என்று மட்டும் கேட்டார். அவர் எழுந்து நின்றார். நான் ஏதோ சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணை, ஒரு ஜாமீன்தாரரோடு.

வெளியே வந்ததும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ்வளவுதானா லோயரம்மா? ரொம்ப நேரம் பேசுவீங்கன்னு பார்த்தேன்” என்றார். பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட எந்தக் கவுண்டருக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. நானே கூட்டிக்கொண்டு போனேன்.