சக்கர வீட்டின் ஓய்வு நாள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் கோடைக்காலத்தில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பிக்கப் வண்டி ஒன்று முன்னே செல்லும். அதன் பின்னால், சிற்றுந்து ஒன்றின் நீளமுள்ள பெரிய பெட்டி உருண்டு வரும். அப்பெட்டிக்குக் கதவும் சன்னல்களும் உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை ஆகியன உண்டு. எஞ்சின் மட்டும் இராது. இதனைப் பயண டிரெய்லர் என்பர். வாலி பையாம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட கிளிப்பர் என்னும் அலுமினிய டிரெய்லர் இவ்வகையில் புகழ்பெற்றது. அந்த உருண்ட, பளபளப்பான வடிவத்தை அந்நிறுவனம் இன்றும் கைவிடவில்லை.

பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் பலர் இத்தகைய சக்கர வீட்டில் மாதக்கணக்கில் பயணம் செய்கின்றனர். 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்குத் தேசியப் பூங்காக்களில் நுழைய வாழ்நாள் அனுமதிச்சீட்டு கிடைக்கிறது. பல முகாம்களில் தங்கும் கட்டணத்திலும் அவர்களுக்குப் பாதி தள்ளுபடி உண்டு. இதனைக் கேட்பவர்க்கு, அவர்கள் நாள்தோறும் புதிய ஊர்களைப் பார்த்தபடி ஓடிக்கொண்டே இருப்பார்கள் என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. பழகிய பயணிகள் ‘மூன்று, மூன்று, மூன்று’ என்றொரு வழக்கத்தைச் சொல்வர். ஒரு நாளில் 300 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 480 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. பிற்பகல் 3 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்த இடத்தில் 3 நாளாவது தங்க வேண்டும். பயணம் செய்வதற்கென்றே வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியவர்கள், நிற்பதற்கும் விதி வகுத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

25 அடி நீளமுள்ள டிரெய்லர் ஒன்று, சாமான்களோடு சேர்ந்து சுமார் 3 டன் எடை இருக்கும். அதை இழுத்துச் செல்லும்போது பிரேக்கை மிதித்தவுடன் வண்டி நிற்பதில்லை. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து சென்றால், அதன் காற்று டிரெய்லரைத் தள்ளி ஆட்டும். பாரம் பின்பக்கம் மிகுந்திருந்தால் அந்த ஆட்டம் அடங்காமல் வளர்ந்து, இழுக்கும் வண்டியையும் சாய்த்துவிடக்கூடும். ஆகவே மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை முன்பக்க இணைப்பின்மீது விழுமாறு சாமான்களை அடுக்க வேண்டும். ஓட்டுபவரின் கண்ணும் கையும் ஒரு கணமும் ஓய்வதில்லை. எழுபது வயதை நெருங்கிய ஒருவர் ஐந்து நாள் தொடர்ந்து இவ்வாறு ஓட்டினால், ஆறாம் நாள் அவருடைய கவனம் தளரும். தளர்ந்ததை அவரே உணர்வதுமில்லை; இதில் பெரிய ஆபத்து அதுதான்.

இனி, அத்தகைய இணையர் ஒருவரின் ஓய்வு நாளைப் பார்ப்போம். இடம், வயோமிங் மாநிலத்தில் உள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா. 1929ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்கா, புகழ்பெற்ற யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே இருக்கிறது. இங்கே ஜாக்சன் ஏரியின் கரையில் கோல்ட்டர் பே என்னும் முகாம் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,070 மீட்டர் உயரம். சிம்லாவின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஏரிக்கு மேற்கே 4,199 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டீட்டன் சிகரமும், தட்டையான உச்சியுடைய மோரன் மலையும் நிற்கின்றன.

காலையில் இருவரும் அவசரமின்றி எழுகின்றனர். பயண நாளில் ஐந்து நிமிடத்தில் விழுங்கப்படும் காப்பி, இன்று மடக்கு நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் பருகப்படுகிறது. ஏரியின்மீது பறவை ஒன்று வட்டமிட்டு, கால்களை முன்னே நீட்டி நீரில் பாய்ந்து மீனோடு எழுகிறது. அது விராலடிப்பான், குளிர்காலத்தில் இந்திய நீர்நிலைகளிலும் காணப்படும் பறவை இனம். காப்பி குடித்து முடித்ததும் கோப்பைகளையும் பால் புட்டியையும் மறவாமல் உள்ளே எடுத்து வைக்கின்றனர். இப்பூங்காவில் கரடிகள் உலவுவதால், உணவையோ உணவு மணக்கும் பாத்திரத்தையோ வெளியே விட்டுச் செல்வது விதிப்படி குற்றமாகும். மனிதரின் உணவைச் சுவைத்துப் பழகிய கரடி மீண்டும் மீண்டும் முகாமைத் தேடி வரும். முடிவில் அதனைக் கொல்லவும் நேரிடும்.

பின்னர் வீட்டு வேலை தொடங்குகிறது. தந்தைக்கோ தாய்க்கோ பணி மாறுதல் வந்து ஊர் மாறிய மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். லாரியிலிருந்து சாமான்களை இறக்கிய முதல் நாளில் தலையணை ஒரு மூட்டையிலும் தட்டு வேறொரு மூட்டையிலும் கிடக்கும். எல்லாம் தத்தம் இடத்தை அடைந்த பின்னரே அது வீடாகிறது. சக்கர வீட்டிலோ ஒவ்வொரு பயண நாளும் அத்தகைய நாளே. அலமாரிகள் பூட்டப்பட்டிருக்கும், கண்ணாடிப் பொருள்கள் துணியில் சுற்றப்பட்டிருக்கும். ஓய்வு நாளில்தான் அவை வெளியே வருகின்றன.

மனைவி அழுக்குத் துணிகளை முகாமின் பொதுச் சலவை நிலையத்திற்கு எடுத்துச் செல்கிறார். கணவர் சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் மரைகளின் இறுக்கத்தையும் சோதிக்கிறார். டிரெய்லர் சமமாக நிற்கிறதா என்று மட்டக்கருவியை வைத்துப் பார்க்கிறார். இது வீண் வேலையன்று. இத்தகைய வீடுகள் பலவற்றில் உள்ள குளிர்பதனப் பெட்டி எரிவாயுச் சுடரால் இயங்குவது. அதனுள் அம்மோனியாக் கரைசல் சூடேறி, மேலே சென்று குளிர்ந்து, தன் எடையாலேயே கீழே வழிந்து சுழல்கிறது. பெட்டி சாய்ந்து நின்றால் நீர்மம் ஓரிடத்தில் தேங்கிவிடும். பாலும் இறைச்சியும் கெட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் கண்டிப்பானது நீர்க்கணக்கு. குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் நிற்கும்போது, தொட்டியில் உள்ள நீரே அவர்களுக்குரிய நீர். தொட்டியின் கொள்ளளவு 40 கேலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர் எனக் கொள்வோம். தூவாலைக் குழாயில் நிமிடத்திற்கு 7 லிட்டர் நீர் வருகிறது. இருவரும் நாள்தோறும் பத்துப் பத்து நிமிடம் குளிக்கின்றனர். தொட்டி எத்தனை நாளுக்கு வரும்? கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டாம் நாளிலேயே ஒருவர் சோப்பு நுரையோடு நிற்க நேரிடும்! எனவே உடலை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, மறுபடி திறந்து கழுவிக்கொள்கின்றனர். சென்னையிலும் தில்லியிலும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டார்க்கு இப்பாடம் புதியதன்று.

பயன்படுத்திய நீரையும் மண்ணில் கொட்டக்கூடாது. குளித்த நீர் ஒரு தொட்டியிலும், கழிவறை நீர் மற்றொரு தொட்டியிலும் சேர்கின்றன. அவற்றை முகாமின் கழிவகற்றுமிடத்திற்கு இழுத்துச் சென்றே காலி செய்ய வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டியைத் திறப்பர்; அடுத்துக் குளியல் நீரை விடுவர். பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிவிடும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

இந்தச் சிறு பயணத்தில்தான் அன்றைய முக்கியமான செயல் நிகழ்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கணவரே ஓட்டிவந்தார். இன்று மனைவி ஓட்டுகிறார். பல குடும்பங்களில் ஒருவர்க்கு மட்டுமே டிரெய்லரை ஓட்டத் தெரியும். அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, கை முறிந்தாலோ, வீடு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கோல்ட்டர் பேயிலிருந்து மருத்துவமனை உள்ள ஜாக்சன் நகரம் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவர்களுடைய சொந்த ஊரோ அதைப்போலப் பல மடங்கு தொலைவு. ஆகவே இருவரும் ஓட்டக் கற்றிருப்பது விருப்பத்தைச் சார்ந்ததன்று, தேவை.

முன்னோக்கி ஓட்டுவதில் அவருக்குச் சிரமமில்லை. திரும்பி வந்து, இரு மரங்களுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னோக்கி நிறுத்துவதுதான் கடினம். பின்னோக்கிச் செல்கையில் டிரெய்லர், வண்டி திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் திரும்பும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைக் கையால் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும். கணவர் பின்னால், கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கையால் சைகை காட்டுகிறார். அவரைக் கண்ணாடியில் காண முடியாவிட்டால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது இருவரும் முன்பே செய்துகொண்ட உடன்பாடு. முதல் முறை டிரெய்லர் கோணலாகிறது. இரண்டாம் முறை மரத்தை நெருங்குகிறது. அடுத்த இடத்தில் தங்கியிருப்போர் நாற்காலியில் அமர்ந்து பார்க்கின்றனர். நான்காம் முறை அது தன் இடத்தில் நேராக நிற்கிறது.

மாலையில் மோரன் மலைக்கு மேலே கருமேகம் திரள்கிறது. கோடைப் பிற்பகல்களில் இங்கே இடியும் பலத்த காற்றும் அடிக்கடி வருவதுண்டு. வெயிலுக்காக விரித்த துணிக்கூரையை இருவரும் சுருட்டிக் கட்டுகின்றனர். விரித்தபடி விட்டால் காற்று அதைக் கிழித்தெறிந்துவிடும். மழை கூரைமேல் விழத் தொடங்குகிறது. உள்ளே விளக்கொளியில் நிலப்படத்தை விரித்து அடுத்த பயணத்தைத் திட்டமிடுகின்றனர். கணவர் தோள்வலி இன்னும் ஆறவில்லை என்கிறார். 450 கிலோமீட்டர் என்று குறித்திருந்த தொலைவை அவர்கள் இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு எதிரே மனைவியின் பெயரை எழுதிக்கொள்கின்றனர்.