மருந்து தெளிக்காத பாத்தி

கேமரன் மலையில் தக்காளி பயிரிடுவோரும் சரி, லயத்துக்குப் பின்னால் பத்துச் செடி வைத்திருப்போரும் சரி, காய்ப்புழுவை அறிவார்கள். தாய் அந்துப்பூச்சி இலையிலும் பூவிலும் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்கிறது. சில நாளில் பொரிக்கும் புழு காய்க்குள் புகுந்துவிட்டால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது.

"மருந்து அடித்தோம், புழு போய்விட்டது" என்கிறோம். போக்கியது மருந்துதானா?

வயலில் மருந்தைச் சோதிப்பவர்கள் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று நான்கு பாத்திகள் உண்டு. ஓரிடம் நிழல், ஓரிடம் ஈரம் என்று நிலம் ஒரே சீராக இருப்பதில்லை அல்லவா? சில பாத்திகளுக்கு மருந்தே கிடையாது, வெறும் தண்ணீர்தான். வீண் என்று தோன்றும் அந்தப் பாத்தியில்தான் விடை இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இரு பாத்திகளிலும் முதலில் 20 புழுக்கள். ஒரு வாரம் கழித்து, மருந்து அடித்ததில் 5, அடிக்காததில் 8. முதல் பாத்தியில் 15 குறைந்ததென்று மகிழ்கிறோம். ஆனால் மருந்தில்லாமலே 12 குறைந்திருக்கின்றனவே! சிலவற்றை மழை அடித்துப்போயிருக்கும். சிலவற்றைக் குளவியும் சிலந்தியும் தின்றிருக்கும். சில வளர்ந்து மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மருந்தின் பங்கு 3 புழுக்களே. அதற்கு ஒரு போத்தல் மருந்தா?

ஓர வரிசைச் செடிகளை எண்ணமாட்டார்கள். பக்கத்துப் பாத்தி மருந்து காற்றில் வந்து படிந்திருக்கும். பறிக்கும்போது நல்ல காயையும் துளைபட்ட காயையும் தனித்தனியே நிறுப்பார்கள். நல்ல காயின் எடை கூடவில்லையென்றால் புழு செத்து என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. இலைக்குள் வெள்ளைக் கோடு இழுக்கும் பூச்சியைப் பார்த்திருப்போம். அதன் புழுவை அழிக்கும் சிறு குளவிகளைச் சில மருந்துகள் கொன்றுவிடும். பிறகு அப்பூச்சி முன்னிலும் அதிகமாகப் பெருகும்.

நம் வீட்டுச் செடிகளிலும் ஒரு வரிசையை மருந்தில்லாமல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆனால் மலேசியாவின் 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு பெற்று, தக்காளிக்கென்று லேபிளில் குறிப்பிட்ட மருந்தாக இருக்கவேண்டும். செம்பனைக்கு வந்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அந்த லேபிளில் இருக்கும். அந்த நாள் வரும்வரை, பழுத்துச் சிவந்திருந்தாலும் பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள்.