புகையிலைப் பதமும் நுண்ணுயிர்க் கூட்டமும்

பால் தயிராதலும் அரைத்த மாவு பொங்குதலும் கண்ணுக்குப் புலனாகாத உயிர்களின் தொழிலென்பது யாவரும் அறிந்ததே. சுருட்டுப் புகையிலையின் மணமும் பெரும்பாலும் அங்ஙனமே அமைவதென்பதைப் பலர் அறியார்.

கியூபா தீவில் உலர்ந்த இலைகளைச் சிறிது ஈரமாக்கி, வைக்கோற்போர்போல அடுக்கி வைப்பர். சின்னாளில் அடுக்கின் நடுவே உஷ்ணம் மிகும். அம்மோனியா நெடி எழும். வெப்பம் அளவு கடவாவண்ணம் அடுக்கைக் கலைத்து, உள்ளிலை புறத்தும் புறவிலை உள்ளும் வரும்படி மாற்றி அடுக்குவர். இவ்வாறு பன்முறை செய்தபின் இலையின் காரம் தணிந்து, நிறம் அடர்ந்து, நறுமணம் பிறக்கும்.

இம்மாறுதலுக்குக் காரணம் யாது? பாக்டீரியாக்களே என்றார் ஜெர்மானியராகிய சுக்ஸ்லாண்ட், 1891-ஆம் ஆண்டில். மேற்கிந்திய இலையிலுள்ள பாக்டீரியாக்களை ஜெர்மானிய இலையிற் சேர்த்து அதனை உயர்த்தலாமென்பதும் அவர் கருத்து. அமெரிக்க விவசாய இலாகாவின் சார்பில் ஆராய்ந்த ஆஸ்கார் லோ 1899-இல் இதனை மறுத்து, இலையிலேயே அமைந்த நொதிகள் காரணமென்றார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டென்பது இக்காலத்தார் துணிபு. பாஸில்லஸ், ஸ்டபைலோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்களும் சில பூஞ்சைகளும் அடுக்கினுள் கூடி வாழ்கின்றன. சில புரதத்தைச் சிதைக்கும். சில மாச்சத்தை உடைக்கும். சில நிக்கோட்டினையே உணவாகக் கொள்ளும். ஒன்று விடுத்ததை மற்றொன்று ஏற்பதால், தனியோர் உயிரினும் தக்கவற்றைத் தேர்ந்து கூட்டமாகச் சேர்த்தலே பயன்தருமென எண்ணி ஆராய்ந்து வருகின்றனர்.

ஆயினும், இக்கூட்டத்தில் தீயனவும் உள. இலையிலுள்ள நைட்ரேட்டைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றும். அது நிக்கோட்டின் முதலியவற்றோடு கூடி நைட்ரோசமீன் என்னும் நஞ்சாகும். இவ்வகையிற் இரண்டினை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நூலில் வகுத்துள்ளது. ஸ்வீடன் நாட்டில் 'ஸ்நூஸ்' என்னும் வாய்ப்புகையிலையை நொதிக்கவிடாது வெப்பமூட்டி நுண்ணுயிர்களை அழிப்பதனால் அந்நஞ்சு அதிற் குறைவாகவே உளது. எனவே, பதத்தைத் திருத்துதலென்பது மணத்தைப் பெருக்குதல் மட்டுமன்று. நைட்ரைட்டை விளைக்கும் உயிர்களை ஒடுக்குதலுமாம்.

இத்திருத்தத்திற்கும் ஓர் எல்லையுண்டு. இலை எரியுங்கால் தோன்றும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் நெருப்பின் பிள்ளைகள். அவற்றை அடுக்கிலுள்ள எந்த உயிரும் நீக்கவியலாது. எஞ்சிய நிக்கோட்டினோ உண்பாரை அடிமைப்படுத்தும். மணம் உயர்ந்ததென்பதால் இலை நல்லதாயிற்றென்று மயங்குதல் கூடாது. நுண்ணுயிரின் திறத்தை வியப்போம். அவ்வியப்பினைப் புகைக்குச் சான்றிதழாக்காதிருப்போம்.