பலூனில் பிறந்த டயர்! சிப் ராஜாவுக்குத் திருவொற்றியூர் சொல்லும் பாடம்

உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று ‘என்விடியா’. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. 1993-ம் ஆண்டில் 3 பேர் சேர்ந்து தொடங்கினார்கள்.

அதன் சரக்கு சோப்பும் அல்ல, சீப்பும் அல்ல. ‘சிப்’! கம்ப்யூட்டருக்குள் இருந்து கணக்குப் போடும் சிறு சில்லு.

‘ஏ.ஐ.’ என்னும் செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சிப்புகளில் என்விடியாதான் ராஜா. இப்போது கார், ரோபோ என்று புதிய சந்தைகளிலும் கால் வைக்கிறது.

அங்கேயும் ஜெயிக்குமா?

விடை தேடி அமெரிக்கா போக வேண்டாம். வடசென்னையில் உள்ள சடையங்குப்பம் வரை வந்தால் போதும். 2011-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் அது. ஒரு பக்கம் மணலி ஆலைகள். மறுபக்கம் திருவொற்றியூர். அந்தத் திருவொற்றியூரில் தொழில் வளர்த்த 2 கம்பெனிகளின் கதையே இதற்கு விடை சொல்லும்.

பலூன் கொட்டகை

1946-ம் ஆண்டு. திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகை. அதில் குழந்தைகள் விளையாடும் பலூன் தயாரானது. தொடங்கியவர் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் ‘மெட்ராஸ் ரப்பர் பேக்டரி’. சுருக்கமாக எம்.ஆர்.எப்.!

1952-ம் ஆண்டில் அவர் வேறு சரக்குக்கு மாறினார். தேய்ந்துபோன டயரின் மேல் பட்டையாகப் பதிக்கும் ரப்பர் அது. 4 ஆண்டுகளில் இந்தியச் சந்தையில் பாதி அவர் கைக்கு வந்தது!

அதோடு நின்றாரா? இல்லை. முழு டயரே செய்வது என்று துணிந்தார். டன்லப், பயர்ஸ்டோன், குட்இயர் என்று வெளிநாட்டுப் பெரும்புள்ளிகள் உட்கார்ந்திருந்த சந்தை அது. அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியிடம் தொழில்நுட்பம் பெற்றார். 1961-ம் ஆண்டில் திருவொற்றியூரில் முதல் டயர் வெளிவந்தது. 1967-ம் ஆண்டில் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதியானது!

எப்படி முடிந்தது? ரப்பரைக் கலந்து, வேக வைத்து, பதமாக எடுக்கும் கைப்பக்குவம் ஏற்கனவே இருந்தது. பட்டை ரப்பர் வாங்கிய லாரிக்காரருக்குத்தான் டயரும் தேவை. தெரியாததை மட்டும் வெளியே கற்றார்கள்.

புல்லட் பட்ட பாடு

அடுத்தது என்பீல்டு. 1955-ம் ஆண்டில் தொடங்கிய கம்பெனி. கனமான மோட்டார் சைக்கிள் என்றால் அதன் ‘புல்லட்’தான். ராணுவமும் போலீசும் ஓட்டின.

1980-களில் சின்ன வண்டிகளுக்கு மவுசு வந்தது. என்பீல்டும் ஜெர்மன் தொழில்நுட்பத்துடன் ‘சில்வர் பிளஸ்’, ‘எக்ஸ்புளோரர்’ என்று சின்ன வண்டிகளை இறக்கியது. ஆனால் சின்ன வண்டி வாங்குகிறவர் பார்ப்பது விலையையும் பெட்ரோல் செலவையும். புல்லட்டின் கம்பீரம் அங்கே செல்லவில்லை. வண்டிகள் நிலைக்கவில்லை.

2000-ம் ஆண்டு வாக்கில் கம்பெனியையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

பிறகு தனக்குத் தெரிந்த கனத்த வண்டியையே செப்பம் செய்தது. பிழைத்தது. வெளிநாடுகளிலும் விற்கிறது.

போனில் தோல்வி, ஏ.ஐ.யில் வெற்றி

என்விடியாவுக்கும் இந்த இரண்டு அனுபவமும் உண்டு.

முதலில் அது கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் காட்டும் சிப் விற்றது. 2008-ம் ஆண்டில் செல்போன் போன்ற கையடக்கக் கருவிகளுக்கு ‘டெக்ரா’ சிப் கொண்டுவந்தது. போனில் படம் மட்டும் போதுமா? பேச வேண்டும், பேட்டரியும் நிற்க வேண்டும். பேச வைக்கும் வித்தையையும் ஒரே சிப்பில் அடக்கிக் கொடுத்தது குவால்காம் கம்பெனி. என்விடியா 2014-ம் ஆண்டில் போன் சந்தையை விட்டு ஒதுங்கியது.

ஏ.ஐ. கதை வேறு. படம் காட்டும் சிப், பல்லாயிரம் சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடும். ஏ.ஐ.க்கும் அதே வேலைதான் வேண்டும்! 2012-ம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் என்விடியாவின் 2 அட்டைகளை வைத்தே, படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லும் போட்டியில் வென்றார்கள். 2023-ம் ஆண்டில் கம்பெனியின் சந்தை மதிப்பு 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

இனி என்ன?

தானாக ஓடும் காரும் ரோபோவும் பார்த்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். அது என்விடியாவுக்குக் கைவந்த கணக்கு. ஆகவே வாய்ப்பு உண்டு. ஆனால் கார் வாங்குகிறவர் விலை பார்ப்பார். கூகுள், அமேசான் போன்ற பெரிய வாடிக்கையாளர்களே சொந்தமாகச் சிப் செய்துகொள்கிறார்கள். வாடிக்கையாளரே போட்டிக்காரர் ஆனால் ராஜாவுக்கும் தூக்கம் கெடும்!

பெயர் பெரியது என்பதற்காகப் புதிய சந்தை கதவு திறக்காது. கைவசம் உள்ள தொழில் அங்கே செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் முதலாளிக்குப் பணம் போகும். தொழிலாளிக்கு வேலையே போகும். ஆலைச் சங்கு கேட்டு எழும் ஊர்களுக்கு இது புரியாததல்ல.