பிராய்லர் கோழியைத் திட்டுவதற்கு முன்…

நாலாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ ஒரு சிறுமி வயதுக்கு வந்துவிட்டால், சடங்குப் பந்தலிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: “எல்லாம் இந்தப் பிராய்லர் கோழியால வர்ற வினை!” கறிக்கோழி வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான்; ஹார்மோன் ஊசி என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. சீக்கிரம் பூப்பெய்துவதற்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் காரணங்கள் உடல் பருமனும் பரம்பரையும். அவற்றோடு ஆய்வாளர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் இன்னோர் இடம் உண்டு: சோப்பும் ஷாம்பூவும் பவுடரும் அடுக்கியிருக்கும் நம் வீட்டுக் குளியலறை.

வயிற்றிலேயே தொடங்கும் கதை

ஒரு பெண்ணின் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் 60 முதல் 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். கருப்பையும் கருக்குழாய்களும் உருவாவதும் அந்த மாதங்களில்தான். துளியிலும் துளியான ஹார்மோன்களை நம்பி நடக்கும் வேலை இது.

அதில் வெளியாள் தலையிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1971-இல் பாஸ்டன் நகரில் தெரிந்துகொண்டது. கருச்சிதைவைத் தடுக்க என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மருந்து, அவர்களுடைய மகள்களில் சிலருக்குப் பதின்வயதில் அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோயாக வெளிப்பட்டது. அந்த மருந்தின் வீரியத்தோடு சோப்பையும் பவுடரையும் ஒப்பிட முடியாது. ஆனால் தாயின் உடம்புக்குள் போனது மகளிடம் பல வருடம் கழித்துத் தெரியவரலாம் என்ற பாடம் அங்கே கிடைத்ததுதான்.

சலினாஸ் சொல்வது

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் அதிகம். 1999–2000-இல் அங்கே கர்ப்பிணிகளாக இருந்தவர்களை பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஆய்வில் சேர்த்தார்கள். சோப்பு, பவுடர் போன்றவற்றில் சேரும் வேதிப்பொருட்களைத் தேடி, கர்ப்பத்தின்போது தாயின் சிறுநீரையும், ஒன்பது வயதில் பிள்ளையின் சிறுநீரையும் சோதித்தார்கள். பிறகு 13 வயது வரை ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பருவ மாற்றங்களைக் குறித்துவந்தார்கள். மொத்தம் 179 பெண் பிள்ளைகள், 159 ஆண் பிள்ளைகள்.

2018 இறுதியில் முடிவு வெளியானது. கிருமிநாசினி சோப்புகளில் சேரும் ட்ரைக்ளோசானின் அளவு தாயின் உடம்பில் இரு மடங்காகும்போது, மகளின் முதல் மாதவிடாய் சராசரியாக மூன்று வாரம் முந்தியது. வாசனைப் பொருட்களில் சேரும் ஒரு வகைத் தாலேட் இரு மடங்கானபோது பருவ ரோம வளர்ச்சி சுமார் 40 நாள் முந்தியது. பையன்களிடம் இப்படிப்பட்ட தொடர்பு பெரிதாகத் தென்படவில்லை.

இது தொடர்பு மட்டுமே; இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஒன்பது வயதில், கிரீம் போன்றவை கெடாமலிருக்கச் சேர்க்கும் பாரபென் உடம்பில் அதிகம் இருந்த சிறுமிகளும் சீக்கிரம் பூப்பெய்தினார்கள். ஆனால் சீக்கிரம் வளரும் பெண்ணே கிரீமும் பவுடரும் கூடுதலாகப் பூசியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள்.

சீக்கிரம் பூப்பெய்தும் சிறுமி தொடக்கத்தில் வேகமாக உயர்ந்தாலும், எலும்பு சீக்கிரம் முதிர்வதால் கடைசியில் குள்ளமாக நின்றுவிடக்கூடும். பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது.

மூன்றே நாளில் குறைந்தது

பயப்பட வேண்டாம் என்பதற்கும் அதே சலினாஸில் சான்று இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்று நாளுக்கு இந்த வேதிப்பொருட்கள் இல்லாதவை என்று லேபிள் சொன்ன பொருட்களை மட்டும் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் மெத்தில் பாரபென் 44 சதவீதமும், ட்ரைக்ளோசான் 36 சதவீதமும், வாசனைத் தாலேட் 27 சதவீதமும் குறைந்தன. இவை உடம்பில் தங்குவதில்லை, சீக்கிரமே வெளியேறிவிடும். தினமும் பூசுவதால்தான் தினமும் இருக்கின்றன. எதிர்பாராத விதமாக வேறு இரண்டு வகைப் பாரபென் சற்றுக் கூடியிருந்தது. லேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது என்றாகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை:

• லேபிளின் பொடி எழுத்தில் ‘பாரபென்’ என்று முடியும் பெயர்களையும் ‘ட்ரைக்ளோசான்’ என்ற பெயரையும் தேடுங்கள். தாலேட் பெரும்பாலும் பெயரோடு வராது. ‘பெர்ஃப்யூம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம்.
• கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் வாசனைப் பவுடர், பாடி ஸ்பிரே தேவையே இல்லை. கை கழுவச் சாதாரண சோப்பு போதும்.
• தாலேட் சில வகைப் பிளாஸ்டிக்கிலும் சேர்வதுண்டு. சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். தூக்குவாளி எடுத்துப் போங்கள்.
• பால்புட்டியிலும் பொம்மையிலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் முத்திரை அசலா என்று தெரிந்துவிடும்.

சட்டம் தரும் பிடி

அழகுசாதனப் பொருளின் லேபிளில் சேர்மானங்களைப் போட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. போடாத பொருளையும், ‘இல்லை’ என்று பொய் சொல்லும் பொருளையும் பற்றி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னோர் உரிமை, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளை, உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். தனி ஆளாகவும் கொடுக்கலாம், நுகர்வோர் சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏமாற்றும் விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

மருத்துவரிடம் எப்போது?

எட்டு வயதுக்கு முன் மார்பக வளர்ச்சி தெரிந்தாலோ, பத்து வயதுக்கு முன் மாதவிடாய் வந்தாலோ, சடங்குக்கு நாள் பார்ப்பதற்கு முன் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பார்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போட ஊசி மருந்து இருக்கிறது. வயதுக்கு வந்தாலும் அவள் சிறுமிதான். திருமண வயது 18 என்பதில் மாற்றமில்லை. யாராவது அவசரப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

லேபிள் படிக்கும் வேலையை அம்மாக்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்த ஆய்வுகள் நடந்த கலிபோர்னியாவில், வாசனைக் கலவைக்குள் இருக்கும் தீங்கான பொருட்களை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் போட்டார்கள். 2022 முதல் அமலில் இருக்கிறது. அப்படியொரு விதி இங்கேயும் வேண்டும். நுகர்வோர் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மனு எழுதத் தொடங்கினால், முதல் கோரிக்கையாக அதைப் போடலாம்.