விழுந்துகொண்டே நிற்கும் வண்டியில் ஒரு கேமரா

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறுவனின் மூன்று சக்கர சைக்கிள் நினைவிருக்கும். ஆளில்லாத பெரிய ஓட்டல். நீண்ட நடைகூடங்களில் அவன் மிதித்துக்கொண்டு போகிறான். வெறும் தரையில் கடகடவென்று சத்தம், கம்பளத்தில் ஏறியதும் அடங்கிவிடுகிறது, மறுபடி கடகட. கேமரா அவன் முதுகுக்குப் பின்னால், தரையை ஒட்டினாற்போல, துளி ஆட்டமில்லாமல் தொடர்கிறது. 1980இல் வந்த அந்தப் படத்தில் ஸ்டெடிகேமை இயக்கியவர் கேரட் பிரவுன். நடந்தபடியே ஆட்டமின்றிப் படம்பிடிக்க உதவும் அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஆனாலும் சைக்கிளைத் தொடர்ந்தபோது அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், வேறொருவர் தள்ளினார்.

நடையை வெல்வதற்காகவே ஒரு கருவியைச் செய்தவர் ஏன் சக்கரத்தின் மேல் ஏறினார்? வேகமும் உயரமும் ஒரு காரணம். தரையோடு தரையாகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் வேகத்தில் ஓடினால் எந்த உடம்பும் சீக்கிரம் களைத்துப்போகும். இன்னொரு காரணம் நடையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நம் உடல் ஏறக்குறைய 5 செ.மீ. உயர்ந்து தாழ்கிறது. நமக்கு அது தெரிவதில்லை. தலை அசைந்தவுடனே உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு சேதி அனுப்பி, கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. பார்க்கும் காட்சி நிலையாக இருக்கிறது. கேமராவுக்கு அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அடி வைத்ததெல்லாம் படத்தில் பதிவாகிவிடும்.

ஸ்டெடிகேம் இதை இரண்டு வழியில் எதிர்கொள்கிறது. ஆபரேட்டர் அணியும் வெஸ்டிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, மேலும் கீழுமான அசைவை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கையின் நுனியில் ஒரு கம்பம். கம்பத்தின் மேல் முனையில் கேமரா, கீழ் முனையில் மானிட்டரும் பேட்டரியும். எடையை இப்படி விலக்கி வைப்பதில்தான் சூட்சுமம். சுழல் மையத்திலிருந்து ஒரு பொருளை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், அதைச் சுழற்றுவது நான்கு மடங்கு கடினமாகிறது. ஆபரேட்டரின் தோள் குலுங்கினாலும் அந்தக் கம்பத்தைத் திருப்பும் அளவுக்கு அந்தக் குலுக்கலுக்கு வலு இல்லை. 1976இல் ‘பவுண்ட் ஃபார் குளோரி’, ‘ராக்கி’ படங்களில் உலகம் இதைப் பார்த்தது. ராக்கி பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி ஏறும்போது கேமராவும் கூடவே ஏறுகிறது. தண்டவாளம் போட்டு டிராலி தள்ளி அந்தக் காட்சியை எடுக்கவே முடியாது.

படிக்கட்டில் கால்தான் ராஜா. ஆனால் சமதரையில், நீளமான ஷாட்டில், 25 முதல் 30 கிலோ வரை எடையைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நடப்பவரின் முதுகைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டும் அல்லவா?

அதற்கான விடை சினிமாவுக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கப் பொறியாளர் டீன் கேமன், மாற்றுத்திறனாளிகளுக்காக ஐபாட் (iBOT) என்ற சக்கர நாற்காலியை உருவாக்கினார். இரண்டு சக்கரத்தில் எழுந்து நின்று, உட்கார்ந்திருப்பவரை எதிரில் நிற்பவரின் கண் உயரத்துக்குக் கொண்டுவரும் நாற்காலி அது. அதே நுட்பத்தில் பிறந்ததுதான் 2001 டிசம்பர் 3 அன்று அறிமுகமான செக்வே. பக்கத்துக்குப் பக்கமாக இரண்டே சக்கரங்கள், நடுவில் நிற்க ஒரு பலகை. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நகரங்களையே மாற்றி அமைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஸ்டெடிகேம் ஆபரேட்டர்கள் சிலர் அதில் தங்களுக்கான வாகனத்தைக் கண்டுகொண்டார்கள். கைப்பிடிக் கம்பைக் கழற்றிவிட்டு, முழங்காலால் திருப்பும்படி மாற்றிக்கொண்டார்கள். இரண்டு கையும் கேமராவுக்கு.

இந்த வண்டி நிற்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடாத பிள்ளைகள் இல்லை. கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை ஓட்டுகிறோம். அடி போய்த் தலைக்கு நேர்கீழே நின்றுவிடுகிறது. செக்வேயில் சக்கரம்தான் கை, மனிதர்தான் கம்பு. சாய்வை உணர அதிர்வுறும் சிலிக்கான் சில்லுகள் உண்டு. பலகை திரும்பும்போது அதிர்வின் போக்கு லேசாக விலகும். அந்த விலகலை அளந்தால் திரும்பிய வேகம் தெரியும். மூன்று சில்லுகள் போதும் என்ற இடத்தில் ஐந்து வைத்தார்கள், ஒன்று பழுதானாலும் ஆள் விழக்கூடாது என்பதற்காக. விநாடிக்கு 100 முறை சாய்வு கணக்கிடப்பட்டு மோட்டாருக்கு உத்தரவு போகிறது. ஆக, இந்த வண்டி ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. விழத் தொடங்குகிறது, பிடித்துக்கொள்கிறது, மறுபடி விழத் தொடங்குகிறது.

இதிலிருந்து கேமராவுக்கு இரண்டு சிக்கல்கள் வருகின்றன. இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தமானவை.

முதலாவது, சாய்வு. விநாடிக்கு விநாடி வேகம் 1 மீட்டர் வீதம் கூட வேண்டுமென்றால், வண்டியில் நிற்பவர் முன்பக்கமாகச் சுமார் 6 டிகிரி சாய்ந்தாக வேண்டும். புவியீர்ப்பும் முடுக்கமும் சேர்ந்து அவருக்கு ஒரு புதிய ‘நேர்கீழ்’ திசையை உண்டாக்குகின்றன. அந்தத் திசைக்கு ஏற்பத்தான் அவர் நிற்க முடியும். இப்போது கையிலுள்ள ஸ்டெடிகேமைப் பாருங்கள். கம்பம் நிமிர்ந்து நிற்பதற்காக அதன் கீழ்ப்பாகத்தை வழக்கமாகச் சற்றே கனமாக வைப்பார்கள். அதாவது அது தொங்கும் ஊசல். வண்டி முன்னே பாய்ந்தால் அதன் கீழ்முனை பின்தங்கும், தலை முன்னே கவியும். எவ்வளவு தூரம் கவியப் பார்க்கும்? அதே 6 டிகிரி. தலைகீழாக நிற்கும் ஊசலான மனிதரும் நேராகத் தொங்கும் ஊசலான கேமராவும் ஒரே கோட்டைத் தேடி ஒருசேரச் சாய்கிறார்கள். இயற்பியல் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் இடம் அபூர்வம். படத்துக்கோ அது கேடு. ஒவ்வொரு முறை வேகம் மாறும்போதும் காட்சி குனிந்து நிமிரும். கேமரா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் தொடுவானமே சரியும். அதனால் வாகனத்தில் ஏறும் ஆபரேட்டர் கீழ்க்கனத்தைக் குறைத்துக்கொள்கிறார். கம்பத்தைப் படுக்கவைத்து விட்டால் அது நிமிர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக் கனத்தைச் சரிசெய்வது அவர்கள் வழக்கம். நடைக்கு 2, 3 விநாடி என்றால், இங்கே இன்னும் மெதுவாக நிமிர்வதுபோல் வைக்க வேண்டும். அதன்பின் கம்பம் தானாகச் சட்டென்று நிமிராது. விரல் நுனிகள்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. நிற்க வேண்டுமென்றால் உடல் சக்கரங்களுக்குப் பின்னால் போக வேண்டும். அதற்கு என்ன வழி? சக்கரங்கள் ஒரு கணம் வேகமெடுத்து உடலுக்கு முன்னால் ஓடிவிட வேண்டும். பிரேக் பிடிப்பதற்கு முதல் படி, வேகம் கூட்டுவது! நடிகரை நெருங்கித் தொடரும்போது அவர் சட்டென்று நின்றுவிட்டால், வண்டி நிற்பதற்கு முன் அவரை நோக்கி இன்னும் கொஞ்சம் நகரும். எத்தனை மென்பொருள் எழுதினாலும் இதைத் தவிர்க்க வழியில்லை. ஊசலைத் தலைகீழாக நிறுத்தியதற்கு அதுவே விலை. கூடுதல் இடைவெளி விடுவதும், நடிகர் எங்கே நிற்பார் என்று ஒத்திகையிலேயே மனப்பாடம் செய்துகொள்வதும்தான் மாற்று. போதாக்குறைக்கு, உடலுக்கு முன்னால் தொங்கும் கேமராவின் எடையே வண்டிக்கு ‘போ’ என்ற கட்டளையாகிவிடும். ஆபரேட்டர் அதற்கு ஈடாகப் பின்னால் சாய்ந்தே நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் ஏறுகிறார்கள்? ஏறிப் பழகியவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவு. அடி அடியாக ஏறி இறங்கும் அசைவு அறவே போய்விடுகிறது. இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். அகலம் சுமார் 63 செ.மீ.தான் என்பதால் வாசல்களில் நுழையும். தண்டவாளம் இல்லாததால் கேமரா எந்தப் பக்கமும் பார்க்கலாம். மோட்டார் சத்தம் வசனத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

முன்னும் பின்னும் மட்டுமே இந்த வண்டி தன்னைத் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அதற்கு எந்த அறிவும் கிடையாது. 2015 ஆகஸ்ட் 27 அன்று பெய்ஜிங்கில் அதை உலகமே பார்த்தது. உலகத் தடகளப் போட்டியின் 200 மீட்டர் ஓட்டத்தை 19.55 விநாடியில் வென்ற உசேன் போல்ட் அரங்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓட்டத்தில் அவரது சராசரி வேகம் மணிக்கு சுமார் 37 கி.மீ.; செக்வேயின் உச்ச வேகமே 20தான். வெற்றி உலாவைத்தான் அதனால் தொடர முடியும். செக்வேயில் பின்தொடர்ந்த ஒளிப்பதிவாளரின் சக்கரம் ஓரத்திலிருந்த கேமரா தண்டவாளத்தில் இடித்தது. வண்டி கவிழ்ந்தது, அவர் போல்ட்டின் கால்களில் போய் விழ, இருவரும் சரிந்தார்கள். நல்லவேளையாகப் போல்ட்டுக்குப் பெரிய காயமில்லை. அந்த ஒளிப்பதிவாளரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். கண் போல்ட்டின் மேல், உடல் வண்டியின் மேல், தரையைப் பார்க்க ஆளில்லை என்பதுதான் அங்கே நடந்தது. பக்கத்தில் ஓடிவந்து பாதை பார்க்கும் ஓர் உதவியாளர் இல்லாமல் இந்த வேலையை யாரையும் செய்யச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டரியும் பாதுகாப்பு விஷயமே. மின்சாரம் தீரும் தறுவாயில் சக்கரத்தை முன்னே ஓட்டிப் பிடித்துக்கொள்ள வலு இருக்காது. ஆள் முன்னே விழுவார். 2003இல் அதுவரை விற்ற சுமார் 6,000 செக்வேகளையும் இதற்காகவே திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். ஏற்றக்கூடிய எடையும் அளவுக்குட்பட்டது: 118 கிலோ. 85 கிலோ ஆபரேட்டர் 30 கிலோ கருவியோடு ஏறினால் எல்லையைத் தொட்டாயிற்று.

2020இல் செக்வேயின் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2013 வாக்கில், மோட்டாரில் இயங்கும் கிம்பல்கள் பரவலாக வந்திருந்தன. ஸ்டெடிகேம் எடையால் செய்ததை இவை சில்லும் மோட்டாரும் கொண்டு செய்கின்றன. ஆனால் கிம்பல் காப்பாற்றுவது கேமராவின் கோணத்தை மட்டுமே. அது மேலே ஏறிக் கீழே இறங்குவதைத் தடுக்காது. கிம்பலோடு நடந்து எடுத்த கல்யாண வீடியோக்களில் மிதந்து மிதந்து வரும் அந்த அசைவு இதனால்தான். சக்கரத்தின் தேவை தீரவில்லை.

கிம்பலுக்குள்ளும் தானே நிற்கும் வண்டிக்குள்ளும் இருப்பது ஏறத்தாழ ஒரே உணரி, ஒரே வகைக் கணக்கு. ஒன்று சாய்வைத் திருத்தக் கேமராவைத் திருப்புகிறது, மற்றது சக்கரத்தை. வண்டி அடுத்த நொடித்துளியில் எவ்வளவு முடுக்கம் தரப்போகிறது என்பது அதன் கணினிக்கு முன்கூட்டியே தெரியும். கிம்பலுக்கோ அது நடந்த பிறகுதான் தெரியவருகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி இழுத்து, வண்டி தன் உத்தரவைக் கிம்பலுக்கும் சொல்லிவிட்டால், சாய்வு வருவதற்கு முன்பே கேமரா தயாராகியிருக்கும். நம் பொறியியல் மாணவர்கள் தலைகீழ் ஊசலை ஆய்வகத்தில் நிறுத்திப் பார்த்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அடுத்த முறை அதன் தலையில் ஒரு கேமராவை வைத்து, இந்தக் கம்பியையும் இழுத்துப் பார்க்கலாம்.